இடப்பக்கம் சாய்கிற வாத்து

தேர்தல் முடிந்த பதினோராம் நாள்
புலகேசி நகர் ஸ்டேஷனில்
என் துப்பாக்கியை எனக்கே திருப்பித் தந்தார்கள்,
கோணியில் சுற்றி, விசைக்குப் பக்கத்தில் அட்டை கட்டி,
பிரசவ வார்டில் குழந்தையைத் தருவதுபோல.
"புளோரா ஞானாதிக்கம். ஞானாதிக்கம் யாரு, புருஷனா?"
"அப்பா."
கன்னடத்தில் கேட்டார், தமிழில் சொன்னேன்,
கையெழுத்து மட்டும் இங்கிலீஷில்.

அப்பா போனதும் காக்ஸ் டவுன் வீட்டுக்குத்
தம்பிகள் இரண்டு வருஷம் சண்டை போட்டார்கள்.
ரெட்டைக்குழலுக்கும்
ஒரு சாக்கு மர வாத்துகளுக்கும்
யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஒவ்வொரு தேர்தலும் குழலில் ஒரு துரு வைத்துவிட்டுப் போகிறது.
எம்எல்ஏ வைத்தது வாய் ஓரத்தில்.
எம்பி வைத்தது அடியில், விரலுக்கு அகப்படாத இடத்தில்.
எண்ணெய் ஊறிய எஃகு நாரால் மெல்ல, மெல்ல.
அவசரப்பட்டால் நீலமும் உரிந்து வந்துவிடும்.
குழலைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறேன்:
வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்சம்,
அதன் கடைசியில்
எதிர் மாடியில் காயும் யாருடைய பாவாடையோ.

சுட்டதில்லை. சுடவும் முடியாது.
தோட்டாக்கள் எல்லாம் ஈரத்தில் உப்பி
ஸ்டேஷனுக்கே போய்விட்டன.

பகலில் நான் பல்செட் செய்கிறவள்.
பொய்ப் பல் நிஜமாகத் தெரிய
ஒரு பல்லையாவது கொஞ்சம் கோணலாக வைக்க வேண்டும்.
இது டாக்டர்களுக்குத் தெரியாது.
ஆறு வாத்துகளையும் அப்படித்தான் திருத்தினேன்,
பல் கடையும் ஊசியால் இறகு இறகாக,
ஒவ்வொன்றிலும் ஒரு இறகு வரிசை தப்ப.

ஏழாவது, ஊசிவால் வாத்து.
குளியலறை வாளியில் விட்டேன். இடப்பக்கம் சாய்ந்தது.
அடியில் கட்டியிருந்த ஈயம் எப்போதோ கழன்றிருக்கிறது.
திருப்பிப் பார்த்தால் விலாவில்
அம்மைத் தழும்புபோல் பதினான்கு குழிகள்.
ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துச்
சோப்பு டப்பா மூடியில் வைத்தேன்.
யாரோ இதை நம்பியிருக்கிறார்கள்.
பனியில், கோரைக்குப் பின்னால் குந்தியிருந்து,
மூச்சை அடக்கி.
அப்பா வேட்டைக்குத் தனியாகத்தான் போவார்.

அகராதியில் பார்வை என்ற சொல்லுக்கு
கண், நோக்கம் எல்லாம் தாண்டி
கீழே எங்கோ ஒரு பொருள் கிடக்கிறது:
பிடிப்பதற்காக வைக்கப்படும் பறவை.
அந்தப் பக்கத்தில் பஸ் டிக்கெட் ஒன்றை வைத்திருக்கிறேன்.

டயர் கடை மஸ்தான் பாய்
சக்கரத்துக்கு ஒட்டுகிற பழைய எடைக் கட்டிகள் நான்கு கொடுத்தார்.
"எதுக்கும்மா?"
"வாத்துக்கு."
மேலே எதுவும் கேட்கவில்லை.
மொட்டை மாடியில், காற்று போகும் திசை பார்த்து நின்று,
தகரக் குவளையில் உருக்கினேன்.
பதினான்கு குண்டுகளும் அதற்குள்தான்.
ஆறியதும் அதன் வயிற்றிலேயே திருகினேன்.
குழிகளை மெழுகால் அடைத்தேன், பதின்மூன்றை.

டிசம்பர். ஹொசகோட்டை ஏரி. ஆறு மணி.
தூண்டில் நூலில் கட்டி மிதக்க விட்டேன்.
தொலைநோக்கியோடு வந்த இரண்டு பையன்கள்
நோட்டில் எழுதிக்கொண்டார்கள்,
"ஊசிவால், ஆண், ஒன்று."
நான் பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு
மேலே ஒரு கூட்டம் இரண்டு சுற்று சுற்றியது.
ஒன்று மட்டும் இறங்கியது.
என் வாத்து இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்தான்;
அது பக்கத்தில் வந்து,
தலையைச் சாய்த்து,
அதே பக்கம் பார்த்து மிதந்தது.

வெயில் ஏறிவிட்டது. எட்டரைக்கு லேப்.
நூலை இழுத்தேன். மரம் கரைக்கு வந்தது.
பின்னாலேயே அதுவும் வந்தது,
தண்ணீரில் கோடு கிழித்து,
பத்து முழம், ஐந்து முழம், மூன்று,

நான் இழுப்பதை நிறுத்திவிட்டேன்.